சில்லும் சுக்கானும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முதுமொழி. தேருக்கு அச்சாணி எத்தகையதோ, மோட்டார் வண்டிக்குச் சுக்கான் தண்டுகளும் அவற்றின் மூட்டுகளும் அத்தகையன. எனினும் அவை வண்டியின் அடியில் மறைந்து கிடப்பன. கண்ணைக் கவர்வன சில்லுகளே. அதனால், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்பதை மறந்து, அழகையும் விலையையும் மாத்திரம் நோக்கிச் சில்லு வாங்குவோர் உளர்.

போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பும், 1948ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரிலே முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பட்ட லாண்ட் றோவரும் 16 அங்குலச் சில்லில் ஏறத்தாழ 6 அங்குல அகலமுள்ள டயரையே கொண்டிருந்தன. ஒடுங்கிய டயருக்கு மெல்லிய தண்டு போதுமானதாயிருந்தது. இன்று காட்டுப் பாதையையும் மலைப் பாதையையும் நாடுவோர் அகன்ற டயரை விரும்புகின்றனர். அது மணலிலே எளிதில் புதையாது. ஆனால் கல்லில் மோதும்போது தண்டை வளைக்கும் விசையும் அதனாற் பெருகுகின்றது. ஆகவே தடித்த டை றொட்டும் பெரிய பந்து மூட்டுகளும் பூட்டுகின்றனர். சிக்கல் தொடங்குவது இங்கேதான். தண்டின் முனை இருப்பது சில்லின் உட்குடைவுக்கு அருகில். பாகம் பருத்தால் இடைவெளி சுருங்கும்.

வெள்ளவத்தையில் வாழும் ஒருவர் தம் ஜீப்புக்கு இத்தகைய தண்டைப் பூட்டுவித்தபின், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலே சில்லுத் தேடுகிறார் என்று கொள்வோம். அவர் முதலில் எண்ணுவது ஆணித் துளைகளை. பழைய ஜீப்புக்கு ஐந்து துளைகள், 5½ அங்குல வட்டத்தில்; பழைய லாண்ட் றோவருக்கும் ஐந்துதான், ஆனால் 6½ அங்குல வட்டத்தில். துளை பொருந்தினால் அலுவல் முடிந்தது என்று கருதுதல் தவறு. துளை பொருந்திய சில்லும் தண்டிலே உராயலாம்.

அறியவேண்டிய அளவு வேறொன்றுண்டு. அச்சுக் குடத்தோடு பொருந்தும் முகத்திலிருந்து சில்லின் உள்விளிம்பு வரையுள்ள தூரமே அது. சில்லைக் குப்புறக் கிடத்தி, உள்விளிம்பின்மேல் ஒரு நேர்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அங்கிருந்து அந்த முகம்வரை அளந்தால் அது தெரியவரும். 7 அங்குலச் சில்லின் முழு அகலம் இரு விளிம்புகளையுஞ் சேர்த்து ஏறத்தாழ 8 அங்குலம். முகம் நடுவில் இருந்தால் உள்ளே 4 அங்குலம் நிற்கும். சில்லிலே கூட்டற் குறியுடன் 25 மில்லிமீற்றர் என்றிருந்தால் உள்ளே 5 அங்குலம். கழித்தற் குறியுடன் இருந்தால் 3 அங்குலம். அந்த ஓர் அங்குலத்திலேதான் தண்டின் கதி தங்கியிருக்கின்றது.

அங்ஙனமாயின் சில்லை இயன்றமட்டும் வெளியே தள்ளிவிடலாமே என்று சிலர் வினவுவர். தள்ளினால் தண்டு தப்பும். ஆனால் நெம்புகோல் நீண்டாற்போல, கல்லில் மோதும் அடி முன்னிலும் வலுவாகச் சாரதியின் கையை எட்டும். குடத்துப் பெயரிங்குகளும் விரைவில் தேயும். வலிய தண்டைப் பூட்டியதன் பயன் அவ்வளவுக்குக் குறைந்துபோகும்.

மற்றொரு வழி, சில்லின் விட்டத்தைக் கூட்டுவது. 15 அங்குலத்திலிருந்து 16 அங்குலத்துக்கு மாறினால் உட்புறத்திலே சுற்றிலும் ஏறத்தாழ அரை அங்குலம் இடம் கிடைக்கும். ஆனால் டயரின் மொத்த உயரம் மாறாதிருந்தால், அதன் பக்கச்சுவர் அதே அரை அங்குலம் குறையும். காற்றைக் குறைத்துக் கற்பாதையில் ஓட்டும்போது கிடைக்கும் மென்மையும் குறையும். அன்றியும், அலுமினியக் கலப்புச் சில்லின் சுவர் இரும்புச் சில்லின் தகட்டிலும் பெரும்பாலும் தடித்தது. எனவே சொல்லப்படும் விட்டம் ஒன்றாயினும் உள்ளிடம் வேறுபடும்.

ஆகையால் வாங்குமுன் பூட்டிப் பார்த்தலே அறிவுடைமை. கொட்டாஞ்சேனையிலாயினும் வேறெங்காயினும், கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரின் கராஜில் முன்னச்சை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்துக. தண்டின் முனையிலும் அதற்கு அண்மையிலுள்ள தண்டின்மேலும் களிமண்ணை அப்புக. சில்லைப் பூட்டி, நட்டுகளை இறுக்கி, சுக்கானை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பிச் சில்லையும் கையாற் சுழற்றுக. மூட்டு சில்லோடு சேர்ந்தே திரும்புவதால் அதன் இடைவெளி பெரிதும் மாறாது. தண்டோ சில்லை நோக்கிச் சாய்ந்து வரும். நேராக நிற்கையில் விலகியிருந்த தண்டு, கோடித் திருப்பத்திலே தொடக்கூடும். பின்னர் சில்லைக் கழற்றி, எஞ்சிய களிமண்ணின் தடிப்பை அளந்தால் உண்மை விளங்கும்.

மயிரிழை இடைவெளி போதாது. சில்லின் உட்புறத்தில் ஒட்டும் சமநிலை ஈயத்துக்கும் இடம் வேண்டும். சேறும் சிறுகல்லும் இடையிலே சிக்கினால் சில்லை அராவிப் பள்ளமிடும். இடம் போதாவிட்டால் மூட்டையோ சில்லையோ அராவிக் குறைக்க முற்படலாகாது. அப்படிச் செய்தால், வலிமைக்காக வாங்கிய பொருள் வலிமையிழக்கும்.

காலி வீதியின் நேரான போக்கிலே இக்குறை வெளிப்படாது. அங்கே சுக்கான் கோடிவரை திரும்புவது அருமை. மீமுரேக்குச் செல்லும் மலைப்பாதையின் வளைவிலோ, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இருக்கையில், முழுத் திருப்பத்திலேதான் தண்டு சில்லைத் தொடும். அவ்விடத்தில் அறிந்துகொள்வதிலும், கராஜின் சமதரையிலே ஒரு பிடி களிமண்ணால் அறிந்துகொள்வது மேல்.