நிறமில்லாத பூச்சின் வேலை

பிளாஸ்டிக் கிட் வாங்கி விமானம், கப்பல், டாங்கி என்று செய்து அடுக்குகிறவர்களிடம் இதில் எது சிரமம் என்று கேட்டுப் பாருங்கள். இடைவெளி தெரியாமல் ஒட்டுவது என்பார்கள், பெயின்ட் என்பார்கள். கடைசியில் அடிக்கிற நிறமில்லாத வார்னிஷை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நல்ல மாடலும் சுமாரான மாடலும் பிரிகிற இடம் பெரும்பாலும் அதுதான் என்பது என் கணிப்பு.

1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கை முனைக்கு முனை பதினைந்து சென்டிமீட்டர் சொச்சம். மேசையில் வைத்து 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறோம். நிஜ விமானத்தை 43 மீட்டர் தூரத்தில் நின்று பார்ப்பதற்கு அது சமம். அவ்வளவு தூரத்தில் எந்தப் பளபளப்பும் கொஞ்சம் அடங்கித்தான் கண்ணுக்குத் தெரியும். மாடலைக் கண்ணாடி மாதிரி மின்ன விட்டால், வண்ணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பொம்மையாகிவிடும்.

அப்படியானால் பளபளப்பு வார்னிஷே வேண்டாமா? வேண்டும், ஆனால் பார்ப்பதற்காக அல்ல, வேலைக்காக. விமானப்படைச் சின்னங்களும் எண்களும் நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டுகிற டெகால்களாக வருகின்றன. மங்கலான பெயின்டின் மேற்பரப்பை லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். டெகாலின் மெல்லிய படலம் மேடுகளில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காய்ந்தபின் விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால், வட்டச் சின்னத்தைச் சுற்றி வெள்ளி பூத்தது போல ஒரு விளிம்பு தெரியும். வந்தபின் அதைப் போக்குவது பெரும்பாடு. பளபளப்பு வார்னிஷ் பள்ளங்களை முன்னாலேயே நிரப்பிவிடுவதால் காற்றுக்கு இடமில்லை. தகடுகள் சேரும் கோடுகளில் கருமை ஏற்ற, நீர்க்கக் கரைத்த பெயின்டை (வாஷ்) விடும்போதும் இதே கதைதான். வழவழப்பான பரப்பில் அது கோட்டைப் பிடித்து ஓடும். மங்கல் பரப்பில் கண்ட இடமெல்லாம் கறையாகும்.

இந்தப் பளபளப்புக்கு உலகமெங்கும் மாடல் செய்கிறவர்கள் பல காலம் நம்பியிருந்தது என்ன தெரியுமா? வீட்டுத் தரைக்குப் போடும் பாலிஷ்! அமெரிக்காவில் ஃபியூச்சர், பிரிட்டனில் க்ளியர் என்று ஜான்சன் நிறுவனம் விற்ற அக்ரிலிக் திரவம் அது. தண்ணீர் மாதிரி ஓடும். தூரிகையால் தடவினாலும் தடம் தெரியாமல் தானே சமன்படும். விமானி அறையின் மூடியை அதில் முக்கி எடுத்து, விளிம்பை டிஷ்யூ காகிதத்தில் தொட்டு மிச்சத்தை உறிஞ்சவிட்டு, தூசி விழாமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி வைப்பார்கள். மறுநாள் எடுத்தால் சின்னக் கீறலெல்லாம் மறைந்து பிளாஸ்டிக் கண்ணாடியாகியிருக்கும். பிடிக்கவில்லையா, அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தால் கழுவிவிடலாம். பிற்பாடு பெயரும் மாறியது, கலவையும் மாறியது. அந்தப் பழைய பாட்டிலைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது டாமியா, வல்லேஹோ போன்றவர்கள் மாடலுக்கென்றே நல்ல வார்னிஷ் விற்கிறார்கள்; ஏங்க வேண்டியதில்லை.

மங்கல் வார்னிஷ் வேறு சாதி. அதை மங்கலாக்குவது பெரும்பாலும் உள்ளே மிதக்கும் நுண்ணிய சிலிக்கா தூள். ரசத்தின் மண்டி போல அது அடியில் போய்த் தங்கிவிடும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால் மங்கலே வராது. அடிப்பகுதி மட்டும் வந்தால் மாடல் வெளுத்துப் பனி படிந்த மாதிரி ஆகும். நன்றாகக் குலுக்குங்கள், குலுக்கியபின் இன்னும் கொஞ்சம் குலுக்குங்கள். ஸ்ப்ரே டின்னானால் 15, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லியதாகப் பலமுறை அடியுங்கள். லாக்கர் வகையை ஈரமாகக் கொட்டினால் டெகால் சுருங்கும், கீழே எனாமல் இருந்தால் அதுவும் சுருங்கும். எண்ணெய் சார்ந்த எனாமல் வார்னிஷ் வருடங்கள் போகப் போக மஞ்சளடிக்கும். வெள்ளைப் பயணிகள் விமானத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ லாக்கர் ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றின் ஈரம் அதில் படிந்து வெண்புகையாக மாட்டிக்கொள்ளும். வெயில் வரும்வரை பொறுப்பது நல்லது. அவசரம் என்றால் நீரில் கரையும் அக்ரிலிக்குக்கு மாறுங்கள்.

முழு மாடலுக்கும் ஒரே மங்கலை அடித்து முடித்துவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத வழக்கம். போர் விமானம் என்றாலே மங்கல் என்று யார் சொன்னது? கரடான மங்கல் பெயின்ட் வேகத்தைக் குறைக்கிறது என்று கண்டு பிரிட்டிஷ் விமானப்படை இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே வழவழப்பான பெயின்டுக்கு மாறியது. 1944-இல் அமெரிக்கக் கடற்படை தன் போர் விமானங்களுக்குப் பளபளக்கும் கடல்நீலத்தையே விதித்தது. ஸ்பிட்ஃபயருக்கு நான் அடிப்பது பாதிப் பளபளப்பு. டயருக்கு மட்டும் முழு மங்கல்.

வெறும் உலோக மேனியில் பறந்த மஸ்டாங் விமானத்தில் இந்தக் கலை இன்னும் நுணுக்கம். அதன் உடல் அலுமினியம். இறக்கையிலோ காற்று வழுக்கிப் போவதற்காக ஆணி இடுக்குகளைப் புட்டி வைத்து நிரப்பி, மேலே வெள்ளிநிற லாக்கர் அடித்திருந்தார்கள். ஆகவே இறக்கைக்கு ஒரு பூச்சுப் பாதிப் பளபளப்பு கொடுங்கள். உடலில் டெகால் இருக்கும் இடத்தில் மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டு, மீதி உலோகத்தில் எதையும் அடிக்காதீர்கள். வார்னிஷ் பட்டால் உலோகப் பெயின்ட் சாம்பல் பெயின்டாகிவிடும்.