வெள்ளை மாளிகையின் அகம்

தமிழில் 'அகம்' என்னும் சொல் வீட்டையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். நாட்டுத் தலைவர் வாழும் மாளிகைக்கும் புறமும் அகமும் உண்டு. போர், உடன்படிக்கை, தேர்தல் ஆகியன அதன் புறம். அங்கே அடுப்பெரித்தோர், துணி தைத்தோர், பிள்ளையை இழந்து அழுதோர் ஆகியோரின் வாழ்க்கை அதன் அகம். வாஷிங்டன் நகரின் வெள்ளை மாளிகையைப் பொறுத்தவரை, அவ்வகத்தின் வரலாற்றைப் பெரிதும் காத்துத் தந்தவர்கள் அங்குப் பணிபுரிந்தோரே என்பதை எடுத்துக்காட்டுவது இவ்வுரையின் நோக்கமாகும்.

அயர்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் ஹோபன் வடிவமைத்த அம்மாளிகைக்கு 1792 அக்டோபர் 13 அன்று அடிக்கல் நாட்டப்பெற்றது. கல் வெட்டவும் மரம் அறுக்கவும் அமர்த்தப்பட்டவர்களுள் அடிமைகளும் இருந்தனர். அவர்தம் உழைப்புக்குரிய கூலி உடைமையாளர் கைக்கே சென்றது. 1800 நவம்பரில் முதன்முதலாகக் குடியேறிய குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ். அவர்தம் துணைவியார் அபிகேல், கட்டி முடியாத பெரிய கூடத்தில் துவைத்த துணிகளை உலர்த்தினார். விறகுக்குப் பட்ட பாட்டை மகளுக்கு எழுதிய அவர், இவற்றை வெளியிற் சொல்லவேண்டா, இடம் அழகானது என்று மட்டும் சொல்க என அறிவுறுத்தினார். புறத்திற்கு ஒன்றும் அகத்திற்கு ஒன்றுமாக அம்மாளிகை பேசத் தொடங்கியது அன்றே எனலாம்.

1814 ஆகஸ்டு 24 அன்று ஆங்கிலேயப் படை மாளிகைக்குத் தீயிட்டது. தலைவர் மாடிசனின் துணைவியார் டாலி, வாஷிங்டனின் ஓவியத்தைத் தாமே சட்டத்திலிருந்து அறுத்தெடுத்துச் சுமந்து சென்றார் என்னும் கதை பின்னாளில் பரவியது. இதனை மறுத்தவர் பால் ஜென்னிங்ஸ். 1799-இல் அடிமையாகப் பிறந்து, சிறுவனாகவே மாளிகைக்குக் கொண்டுவரப்பட்டவர். அன்று உணவு மேசையை ஒழுங்குசெய்து கொண்டிருந்தவர். ஓவியம் உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. ஏணி இன்றி அதனை எடுத்தல் இயலாது. வாயிற்காப்பாளரும் தோட்டக்காரருமே இறக்கி வண்டியில் அனுப்பினர் என்று அவர் எழுதினார். 1865-இல் வெளிவந்த அவர் நூலே, வெள்ளை மாளிகை வாழ்க்கை பற்றிய முதல் நினைவுக்குறிப்பாகக் கருதப்படுகிறது.

அந்நூலின் பெருமை மறுப்பில் மட்டும் இல்லை. 1847-இல் டேனியல் வெப்ஸ்டர் என்னும் செனட் உறுப்பினர் 120 டாலர் கொடுத்து ஜென்னிங்ஸை மீட்டார். மாதம் 8 டாலர் வீதம் உழைத்து அக்கடனைத் தீர்ப்பது ஒப்பந்தம். அந்நாளில் டாலி வறுமையுற்றிருந்தார். வெப்ஸ்டர் கொடுத்தனுப்பும் உணவுப்பொருள்களைக் கூடையில் கொண்டு சென்றவர் ஜென்னிங்ஸ். சிற்சில வேளைகளில் தம் கைப்பொருளையும் அவ்வம்மையாருக்குக் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். தம்மை உடைமையாக வைத்திருந்தவர்க்கு ஈந்தவர், அவர் பெயரால் வழங்கிய பொய்யை மட்டும் ஏற்கவில்லை. இரக்கத்தையும் உண்மையையும் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடாத பண்பு அது.

ஆனால், இவ்வாறு எழுதியோர் அனைவரும் போற்றப்படவில்லை. எலிசபெத் கெக்லி, 1855-இல் 1200 டாலர் கொடுத்துத் தம்மையும் தம் மகனையும் விடுவித்துக் கொண்டவர். லிங்கனின் துணைவியார் மேரிக்கு ஆடை தைத்தவர். 1861-இல் அவருடைய ஒரே மகன் உள்நாட்டுப் போரில் மாண்டான். 1862 பிப்ரவரியில் லிங்கனின் மகன் வில்லி மாளிகையிலேயே இறந்தபோது, அச்சிறுவனின் உடலைக் கழுவி உடுத்த உதவியவர் கெக்லி. பிள்ளையை இழந்த தாய் மற்றொரு தாயின் பிள்ளைக்குச் செய்த கடன் அது. 1868-இல் தம் வாழ்க்கையை அவர் நூலாக்கினார். மேரியின் கடிதங்களும் அதில் அச்சேறின. பணிப்பெண் வீட்டுச்செய்தியை வெளியிடுவதா எனச் சினம் எழுந்தது. மேரி நட்பை முறித்தார். தையல் தொழிலும் நலிந்தது. 1907-இல் ஆதரவற்றோர் இல்லமொன்றில் அவர் மறைந்தார். கடிதங்களை வெளியிட்டது முறையா என்பது ஆராயத்தக்க வினாவே. எனினும், மேலோர் எழுதினால் வரலாறு, பணியாளர் எழுதினால் புறங்கூறல் என்னும் அளவுகோல் நேர்மையானதன்று.

அன்றாட வாழ்வின் சிறு செய்திகளும் இத்தகையோர் வாயிலாகவே கிடைக்கின்றன. 1891-இல் மின்கம்பி பொருத்த வந்து, 42 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றியவர் ஐக் ஹூவர். தலைவர் ஹாரிசன் குடும்பத்தார் மின்விசையைத் தொடவே அஞ்சினர் என்றும், விளக்குகள் சிலவேளை விடியும்வரை எரிந்தன என்றும் அவர் எழுதினார். தாயும் மகளுமாக அங்குப் பணிபுரிந்தோரின் நினைவுகளைத் தையற்பணியாளர் லில்லியன் ராஜர்ஸ் பார்க்ஸ் 1961-இல் நூலாக்கினார்.

1948-இல் தலைவர் ட்ரூமனின் மகளுடைய பியானோவின் கால் தளத்தைத் துளைத்து இறங்கியது. வெளிச்சுவர்களை மட்டும் நிறுத்திவிட்டு உட்பகுதி முழுவதையும் அகற்றி, எஃகுச் சட்டங்கொண்டு புதுக்கினர். 1952-இல் குடும்பம் திரும்பியது. ஆக, ஆடம்ஸும் லிங்கனும் நடந்த உட்தளம் இன்று இல்லை. அவ்வீட்டின் பழைய அகம் கல்லில் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது. அவ்வெழுத்தில் பெரும்பங்கு ஏவல் செய்தோருடையது. ஆகவே, பணியாளரின் நினைவுக்குறிப்புகளை வேடிக்கைச் செய்திகளாக ஒதுக்காமல், வரலாற்றுச் சான்றாகவும் இலக்கியமாகவும் பயிலுதல் வேண்டும். உணவு மேசை அருகே நின்ற ஒருவர் எழுதாமற் போயிருந்தால், ஓவியத்தை இறக்கிய கைகள் எவை என்பதை உலகம் அறிந்திராது.