படம் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருந்தார். லிஃப்ட் பராமரிப்புக் கட்டணம் அதில் மூன்று நிமிடத்தைச் சாப்பிட்டுவிட்டது. மீதி ஏழில் முடிக்கப் பார்க்கிறேன்.

வரும் ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி தினத்தன்று, நம் பிள்ளைகள் டேப்லெட்டிலும் கம்ப்யூட்டரிலும் வரைந்த விண்வெளிப் படங்களை ஹாலில் திரையில் போடப்போகிறோம். போன வருஷமும் போட்டோம். போன வருஷம் நான் ஒரு தப்புப் பண்ணினேன். உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள். அதனால் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

பி பிளாக்கில் எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி நிலாவில் நிற்கும் விக்ரம் லேண்டரை வரைந்திருந்தாள். தங்க நிறத் தாள் சுற்றிய லேண்டர், பக்கத்தில் பிரக்யான், மேலே பெரிய பூமி. திரையில் வந்ததும் கைதட்டினோம். உடனே நான் எழுந்தேன். "படம் சரி. ஆனால் நிழல் தப்பு, பூமி இவ்வளவு பெரிசாகவும் தெரியாது" என்று மைக்கிலேயே சொன்னேன். யாரோ "ஆடிட் ஆரம்பிச்சாச்சு" என்றார்கள். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து லிஃப்டில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். "பாப்பா இப்ப என்ன வரையறா?" என்று கேட்டேன். "அன்னிக்கு அந்தப் பேனாவை டிராயர்ல வெச்சவதான் சார், இன்னும் எடுக்கல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் இறங்க வேண்டிய மாடியைத் தாண்டிப் போய்விட்டேன்.

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் லெட்ஜர் எழுதியவன் நான். ஆரம்ப காலத்தில் ஒரு அதிகாரி இருந்தார். கூட்டலில் பிழை இருந்தால் கவுன்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போதே லெட்ஜரைத் தூக்கிக் காட்டிக் கத்துவார். அவருக்குப் பின்னால் வந்தவர் அந்த வரிக்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு பென்சில் டிக் போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். நான் திருத்தியதும் ரப்பரால் அழித்துவிடுவார். பிழை ஒன்றுதான். முதலாமவரிடம் நான் கற்றுக்கொண்டது பிழையை மறைக்கும் வித்தை மட்டுமே. இவ்வளவும் தெரிந்தவன்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படிப் பேசினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்ன நிழல் கரெக்ட்தான் தாத்தா. ஆனா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க" என்றாள். அப்புறம் டேப்லெட்டைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாள்.

கம்ப்யூட்டர் படம் என்றால் பட்டனைத் தட்டினால் வந்துவிடும் என்று நம்மில் பலருக்கு எண்ணம். எனக்கும் இருந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல் அதில் லேயர் லேயராக வரைகிறார்கள். வானம் ஒன்று, நட்சத்திரம் ஒன்று, தரை ஒன்று, நிழல் தனியாக ஒன்று. அவள் படத்தில் நாற்பதுக்கு மேல் இருந்தது. பிரக்யானின் பின்சக்கரங்களில் அசோகச் சிங்கமும் இஸ்ரோ முத்திரையும் பொறித்திருந்தார்கள் அல்லவா? அதற்கென்றே ஒரு லேயர் வைத்திருந்தாள். அன்று பெரிய திரையில் நான் அதைப் பார்க்கவே இல்லை. தப்புத் தேடிய கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

பிறகு இருவருமாக உட்கார்ந்து படத்தைப் பார்த்தோம். விக்ரம் இறங்கிய இடம் நிலாவின் தெற்கே ஏறத்தாழ 69 டிகிரியில் இருக்கிறது. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. நண்பகலில்கூட ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு நீளும். 2023 ஆகஸ்ட் 23 அன்று லேண்டர் இறங்கியபோது அங்கே காலைப் பொழுது, ஆகவே நிழல் இன்னும் நீளம். அவள் வரைந்தது நம்மூர் மத்தியான நிழல். அதோடு லேண்டரில் வெளிச்சம் இடப்பக்கம், பூமியில் வலப்பக்கம். சூரியன் ஒன்றுதானே? இதைச் சொன்னதும், நிழல் லேயரை மட்டும் இழுத்துச் சரிசெய்ய அவளுக்கு ஐந்து நிமிடம் ஆகவில்லை.

அன்று நம் வானத்தில் கிட்டத்தட்ட அரை நிலா. அப்படியானால் அங்கிருந்து பார்த்தால் பூமியும் அரைதான். இதை அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள்.

பூமியின் அளவு விஷயத்தில் எனக்கு ஒரு குட்டு விழுந்தது. நிலாவிலிருந்து பார்த்தால் பூமி, நாம் பார்க்கும் நிலாவைப் போல் நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவான அகலம். நீட்டிய கையின் கட்டைவிரலே மறைத்துவிடும். விக்ரம் இருக்கும் இடத்தில் அது அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் நிற்கும். இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவள் 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 விண்வெளி வீரர்கள் எடுத்த பூமி உதயப் படத்தைக் காட்டினாள். "இதுல பெரிசாத்தானே இருக்கு?" என்றாள். அது 250 மி.மீ. டெலி லென்ஸில் எடுத்தது. தூரத்தில் நின்று லென்ஸால் இழுத்துப் பார்ப்பதாக அவள் நினைத்து வரைந்திருக்கிறாள். அப்படி வைத்துக்கொண்டால் பூமி பெரிசாக இருப்பது தப்பே இல்லை. மைக்கில் நான் சொன்ன இரண்டில் ஒன்று இப்படிப் போயிற்று.

அதனால் என் முதல் வேண்டுகோள், சொல்வதற்கு முன் கேளுங்கள். "இது நிஜமான இடமா, நீயே கற்பனை செய்த கிரகமா?" நிஜமான இடம் என்றால் சூரியன் எந்தப் பக்கம், நிழல் எங்கே விழும், சனியின் வளையத்தில் கிரகத்தின் நிழல் இருக்கிறதா என்றெல்லாம் பேசலாம். கற்பனை என்றால் ஊதா நிறக் கடலைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லை. இரண்டு சூரியன் போட்டிருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு நிழல் வேண்டாமா என்று கேட்கலாம், அவ்வளவுதான். இரண்டு சூரியன் என்பதும் வெறும் கற்பனை இல்லை. கெப்ளர்-16பி என்ற கிரகம் இரண்டு விண்மீன்களைச் சுற்றுவதாக 2011-லேயே அறிவித்துவிட்டார்கள்.

நிறத்திலும் அவசரப்பட வேண்டாம். "நெபுலா இப்படிப் பச்சையாகவா இருக்கும்?" என்று ஒருவர் போன வருஷம் கேட்டார். 1995-இல் ஹபிள் எடுத்த புகழ்பெற்ற 'படைப்பின் தூண்கள்' படத்திலேயே ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்ஸிஜனுக்கு நீலம் என்று விஞ்ஞானிகள்தான் நிறம் ஒதுக்கினார்கள்.

பெரியவர்களும் தப்பாக வரைந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செஸ்லி போன்ஸ்டெல் என்று ஓர் ஓவியர். டைட்டனிலிருந்து பார்த்தால் சனி எப்படித் தெரியும் என்று அவர் வரைந்த படம் 1944-இல் 'லைஃப்' பத்திரிகையில் வந்தது. தெளிந்த நீல வானத்தில் சனி பளிச்சென்று நிற்கும். 2005 ஜனவரியில் ஹைகன்ஸ் கலம் டைட்டனில் இறங்கியபோது கண்டது ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். அந்தப் படத்தை யாரும் தூக்கி எறியவில்லை. செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"சூப்பர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபிக்குப் போவதும் அந்தப் பிள்ளைக்கு உதவாது. எது பிடித்தது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். "அந்தச் சக்கரத் தடம்", "பள்ளத்தின் ஓரத்தில் அந்த வெளிச்சம்" என்று சொன்னால் போதும். நட்சத்திரங்கள் எல்லாம் கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தனியாக. "ஏஐ போட்டதா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். "எப்படி வரைந்தாய்?" என்று கேட்டால் வேண்டிய பதில் தானாகவே வந்துவிடும். இன்னொன்று, "ரொம்ப இருட்டா இருக்கு" என்று சொல்வதற்கு முன் உங்கள் போனில் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். இது என் சொந்த அனுபவம், விவரம் வேண்டாம்.

இந்த முறை யாருக்கும் மைக் கிடையாது. வாசலில் சீட்டும் பென்சிலும் வைத்திருக்கிறோம். படத்தின் எண்ணைப் போட்டு, பிடித்தது ஒன்று, கேட்க நினைப்பது ஒன்று, உங்கள் வீட்டு எண், இவ்வளவு எழுதினால் போதும். பெயர் போடாத சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டோம். வேண்டும் என்கிற பிள்ளைகள் உங்களைப் படத்தோடு வந்து பார்ப்பார்கள். அப்போது மேலே புதிதாக ஒரு லேயர் போட்டு, அதில் அம்புக்குறியிட்டுக் காட்டச் சொன்னார்கள். அந்த லேயரை மூடிவிட்டால் அவர்கள் படம் அப்படியே இருக்கும். எனக்கு அந்தப் பென்சில் டிக் ஞாபகம் வந்தது.

மொத்தம் பதினான்கு படங்கள். பன்னிரண்டாவது அந்தப் பெண்ணுடையது. நிழல் நீண்டிருக்கிறது, பூமி பாதியாகியிருக்கிறது, ஆனால் அளவு போன வருஷத்து அளவேதான். மாலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். ஹாலில் ஜன்னல் பக்கம் உட்காருபவர்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டால் நல்லது, தெருவிளக்கு வெளிச்சம் நேரே திரையில் விழுகிறது.