நாயின் இருமல்

யாழ்ப்பாணத்து வளவுகளிலே நாய் இருமிக் கக்கினால், தொண்டையில் மீன்முள் சிக்கிற்றென்று கருதி அதன் வாய்க்குள் கையை நுழைப்பாருமுளர். விசர்நோயிலும் இத்தகைய தோற்றம் காணப்படுமாதலின், அது உயிருக்கே ஆபத்தான செயலாகும்.

மூச்சுக்குழாயை மெல்ல அழுத்தியவுடன் வறட்டிருமல் எழுமாயின், அங்கே அழற்சியுண்டென மிருக வைத்தியர் ஐயுறுவர். காய்ச்சலும் உணவில் வெறுப்பும் சேரின், நுரையீரலையும் ஆராய்வர். 'போடெற்றெல்லா' என்னும் பற்றீரியா இவ்விருமலுக்கு ஒரு முக்கிய காரணம். எனினும், சுகதேகியான நாயின் மூக்கிலும் அது வாழ்வதுண்டு. அங்கே காணப்பட்டதனால் மட்டும் அது குற்றவாளியாகிவிடாது. 1911இல் அமெரிக்கரான பெரி என்பார், 'டிஸ்டெம்பர்' நோயுற்ற நாய்களில் இதைக் கண்டு, அந்நோயை விளைப்பதும் இதுவே என்றார். உண்மைக் காரணம் வைரசு என்பதற்கான சான்றைப் பிரான்சிய அறிஞர் கரே 1905இலேயே காட்டியிருந்தார்! ஆதலின், மூச்சுக்குழாயைக் கழுவியெடுத்த நீரிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதே மேலான சோதனை. அந்நீரையும் மருந்து கொடுக்குமுன்னரே எடுத்தல் வேண்டும்.