ஒரு குவளையும் ஒரு கோப்பையும்



காற்பந்துப் பருவம் தொடங்கிவிட்டால் நம் வட்டாரத்து ஒட்டுக்கடைகளில் மேசைக்கு மேசை அதே பேச்சுதான். எந்தக் குழு வெல்லும், எந்த ஆட்டக்காரரை விற்றுவிட வேண்டும் என்று தே தாரேக் ஆறிப்போகும் வரை வாதம் நடக்கும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் அந்த இடத்தைக் கூடைப்பந்து பிடித்திருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளிகளின் கூடைப்பந்து அரங்குகளிலேயே ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த மக்களின் தொழில்முறைக் குழு, இந்தியானா பேசர்ஸ்.

இன்றைய கருத்தரங்கின் கேள்வி, வெற்றிக்கு ஆட்டக்காரரின் திறமை மட்டும் போதுமா, நடத்தையும் வேண்டுமா என்பது. இந்தக் கேள்வியை மேடையில் வைத்துப் பேசுவது எளிது. பேசர்ஸ் ரசிகர்களுக்கு அது 2004ஆம் ஆண்டு வீட்டு வாசலுக்கே வந்தது.

கைக்கு எட்டிய கிண்ணம்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் போட்டியில் ஒவ்வொரு குழுவும் ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆட வேண்டும். பிறகு கிழக்கிலிருந்து எட்டு, மேற்கிலிருந்து எட்டு எனப் பதினாறு குழுக்கள் 'பிளேஆஃப்' எனப்படும் வெளியேற்றச் சுற்றுக்குப் போகும். அங்கே ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். தோற்றவர் வீடு திரும்புவார்.

2003-04ஆம் பருவத்தில் பேசர்ஸ் 61 ஆட்டங்களில் வென்றது. அந்தப் பருவத்தில் வேறெந்தக் குழுவும் அத்தனை வெற்றி பெறவில்லை. ஆனால் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் இரண்டுக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. அந்த டெட்ராய்ட்தான் அந்த ஆண்டின் வெற்றிக் கிண்ணத்தையும் தூக்கிச் சென்றது. 'அடுத்த ஆண்டு நம் முறை' என்று இந்தியானா காத்திருந்தது. அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. ரான் ஆர்டெஸ்ட் அந்தப் பருவத்தின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை வாங்கியிருந்தார். ஜெர்மெய்ன் ஓ'நீல் உச்ச நிலையில் இருந்தார். புதிதாக ஸ்டீபன் ஜாக்சன் வந்து சேர்ந்தார். இவர்களோடு, 1987 முதல் அதே குழுவுக்கு ஆடிவந்த ரெஜி மில்லர். வயது 39. கையில் ஒரு வெற்றிக் கிண்ணம்கூட இல்லை.

45.9 விநாடி

2004 நவம்பர் 19, வெள்ளிக்கிழமை இரவு. டெட்ராய்ட்டுக்கு அருகில் ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில் பேசர்ஸும் பிஸ்டன்ஸும் மோதின. பேசர்ஸ் 97, பிஸ்டன்ஸ் 82. ஆட்டம் முடிய 45.9 விநாடிதான் பாக்கி. வெற்றி உறுதியாகிவிட்டது. அந்த நேரத்தில் பந்தைக் கூடையில் போடச் சென்ற பென் வாலஸை ஆர்டெஸ்ட் முரட்டுத்தனமாகத் தடுத்தார். வாலஸ் திரும்பி அவரை இரு கைகளாலும் தள்ளிவிட்டார். இரு குழுக்களும் கூடித் தள்ளுமுள்ளில் இறங்கின.

ஆர்டெஸ்ட் சண்டையிலிருந்து விலகி, புள்ளி குறிக்கும் மேசையின் மேல் போய்ப் படுத்துக்கொண்டார். சச்சரவு அடங்கிக்கொண்டிருந்தது. அப்போது பார்வையாளர் பக்கத்திலிருந்து பானத்தோடு ஒரு பிளாஸ்டிக் குவளை பறந்து வந்து அவர் மார்பில் விழுந்தது.

அவ்வளவுதான். ஆர்டெஸ்ட் எழுந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். அவர் பிடித்த ஆள் குவளையை எறிந்தவரே அல்லர். ஜாக்சன் பின்னாலேயே ஓடிக் குத்துவிட்டார். ரசிகர்கள் திடலுக்குள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரை ஓ'நீல் குத்தினார். எஞ்சிய விநாடிகளை ஆடாமலேயே நடுவர்கள் ஆட்டத்தை முடித்தார்கள். உடைமாற்றும் அறைக்குப் போன பேசர்ஸ் ஆட்டக்காரர்களின் தலைமேல் பானங்களும் சோளப்பொரியும் கொட்டின. ஒரு நாற்காலியும் பறந்தது.

என்பிஏ தலைவர் டேவிட் ஸ்டெர்ன் கடுந்தண்டனை விதித்தார். ஆர்டெஸ்டுக்கு அந்தப் பருவம் முழுவதும் தடை. ஜாக்சனுக்கு 30 ஆட்டங்கள். ஓ'நீலுக்கு 25, பின்னர் நடுவர் மன்றம் அதை 15 ஆகக் குறைத்தது. வாலஸுக்கு 6. மொத்தத்தில் ஒன்பது ஆட்டக்காரர்கள் 146 ஆட்டங்களை இழந்தார்கள். சம்பளத்தில் ஏறத்தாழ 11 மில்லியன் அமெரிக்க டாலர் போயிற்று. நீதிமன்ற வழக்குகள் தனி.

இரண்டு கட்சிகள்

மறுநாளிலிருந்து இந்தியானா ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்.

'முதலில் எறிந்தது யார்? மேசையில் சும்மா படுத்திருந்தவரைச் சீண்டியது டெட்ராய்ட் ரசிகர். ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்? தண்டனை அளவுக்கு மீறியது' என்றது ஒரு கட்சி. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரசிகர்கள் மீதும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. ஒருவருக்கு 30 நாள் சிறையும் கிடைத்தது. மூன்றாம் கால்பகுதிக்குப் பிறகு அரங்கில் மது விற்கக் கூடாது என்று 2005இல் என்பிஏ விதியே கொண்டுவந்தது. குவளைக்கும் குற்றத்தில் பங்குண்டு என்பதை நிர்வாகமே ஒப்புக்கொண்டது போலத்தான் அது.

'கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்குக் கோபத்தை அடக்கத் தெரிய வேண்டாமா? இனி இந்த ஆள் நமக்கு வேண்டாம், வேறு குழுவுக்கு மாற்றிவிடுங்கள்' என்றது மற்றொரு கட்சி. இதிலும் நியாயம் உண்டு. குவளை எறிந்தவர் ஒருவர்; அடி வாங்கியவர் வேறொருவர். கோபத்துக்கு முகவரி தெரிவதில்லை.

இந்த வாதத்துக்கு நடுவே எல்லாரும் கணக்கும் போட்டார்கள். ஓ'நீல் எப்போது திரும்புவார்? ஜாக்சன் எப்போது? ஆர்டெஸ்ட் இல்லாமல் எத்தனை ஆட்டம் வெல்லலாம்? கிழக்கின் முதல் எட்டு இடத்துக்குள் வர முடியுமா? ஆட்டக்காரரின் நடத்தை ஒரு வாதமாகவும், குழுவின் வாய்ப்பு இன்னொரு வாதமாகவும் நடந்தன. உண்மையில் இரண்டும் ஒன்றுதான் என்பதை அந்தப் பருவமே காட்டிக்கொடுத்தது.

வட்டி கட்டியவர்

பேசர்ஸ் விழுந்துவிடவில்லை. 44 வெற்றி, 38 தோல்வி. ஆறாம் இடத்தில் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. ஆள் குறைந்த குழுவை அந்த முதிய வயதில் மில்லர் தோள்கொடுத்துத் தாங்கினார். மார்ச் மாதம் லேக்கர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் ஒருவரே 39 புள்ளிகள் எடுத்தார். வயதுக்கு ஒரு புள்ளி.

முதல் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸ் எதிரி. ஆறாவது ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் பாஸ்டனின் நட்சத்திரம் பால் பியர்ஸ் ஆத்திரப்பட்டு வெளியேற்றப்பட்டார். சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே நடந்தார். கூடுதல் நேரத்தில் அவருடைய தோழர்கள் எப்படியோ வென்று அவர் மானத்தைக் காப்பாற்றினார்கள். ஏழாவது ஆட்டத்தில் பேசர்ஸ் 97-70 என்று பாஸ்டன் மண்ணிலேயே வென்றது.

அடுத்த சுற்றில் மீண்டும் டெட்ராய்ட். முதல் மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்று பேசர்ஸ் முந்தியது. பிறகு மூன்றையும் வரிசையாகத் தோற்றது. 2005 மே 19 அன்று, சொந்த அரங்கில் மில்லர் 27 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்கும்போது அவர் வெளியே அழைக்கப்பட்டார். அரங்கம் எழுந்து நின்றது. எதிரணிப் பயிற்றுநர் லாரி பிரவுன் கூடுதலாக ஓர் இடைவேளை கேட்டு, அந்தக் கைத்தட்டல் நீள வழிசெய்தார். டெட்ராய்ட் ஆட்டக்காரர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். 18 பருவங்கள் ஒரே குழுவுக்கு ஆடியவர், கிண்ணம் இல்லாமலேயே விடைபெற்றார்.

இங்கேதான் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த நவம்பர் இரவில் மில்லர் ஆடவே இல்லை. கையில் எலும்பு முறிவு. கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார். சண்டையை விலக்கப் போனவர் அவர். இருக்கையை விட்டு எழுந்ததற்காக அவருக்கும் ஓர் ஆட்டத் தடை. கோபப்பட்டவர் வேறு ஊரில், வேறு ஆண்டில் இன்னொரு வாய்ப்பு தேடிக்கொள்ளலாம். 39 வயதுக்காரருக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று இல்லை. ஒருவர் வாங்கிய கடனுக்கு இன்னொருவர் வட்டி கட்டினார்.

கேட்கப்படாத கேள்வி

சரி, ஆர்டெஸ்டை விரட்டியிருந்தால் தீர்ந்திருக்குமா? நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. 2005 இறுதியில் தடை முடிந்து திரும்பினார், ரசிகர்களும் வரவேற்றார்கள். 16 ஆட்டங்கள் ஆனதும் டிசம்பரில் வேறு குழுவுக்குப் போக வேண்டும் என்று அவரே பத்திரிகையில் சொல்லிவிட்டார். பொறுத்துக் காத்திருந்த ரசிகர்களுக்கு, குவளையைவிட வலித்தது அதுதான். 2006 ஜனவரியில் அவர் சக்ரமெண்டோ போனார். 2007 முதல் 2010 வரை நான்கு ஆண்டுகள் பேசர்ஸ் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

'அப்போதே விரட்டியிருக்க வேண்டும்' என்ற கட்சி வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

2010இல் ஆர்டெஸ்ட் லேக்கர்ஸ் குழுவோடு வெற்றிக் கிண்ணம் வாங்கினார். வென்ற கையோடு, தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன் அவர் நன்றி சொன்னவர்களில் ஒருவர் அவருடைய மனநல மருத்துவர். பலர் சிரித்தார்கள். அவர் தமது வெற்றி மோதிரத்தைப் பரிசுக் குலுக்கலில் விட்டு, மனநலப் பணிக்கு நிதி திரட்டினார். 2011இல் சமூக சேவைக்கான என்பிஏ விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு தம் பெயரையே மெட்டா வேர்ல்ட் பீஸ் என்று மாற்றிக்கொண்டார். உலக அமைதி என்று பொருள். முழுக்கத் திருந்திவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 2012இல் எதிரணி ஆட்டக்காரர் ஒருவரை முழங்கையால் இடித்து ஏழு ஆட்டத் தடை வாங்கினார். மனம் ஆறுவது, உடைந்த எலும்பு கூடுவது போல நாள் கணக்கில் நடப்பதில்லை.

இப்போது பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று புரியும். குவளை பறப்பதற்கு முன்பே அடையாளங்கள் இருந்தன. 2003இல் நியூயார்க்கில் தோல்வி ஆத்திரத்தில் தொலைக்காட்சிக் கேமராவை உடைத்துத் தடை வாங்கினார். 2004 நவம்பர் தொடக்கத்தில், களைப்பாக இருக்கிறது, இசைத்தட்டு வேலையும் இருக்கிறது என்று ஓய்வு கேட்டார். பயிற்றுநர் ரிக் கார்லைல் இரண்டு ஆட்டங்களுக்கு அவரை வெளியே உட்கார வைத்தார். பார்த்தவர்களுக்கு அது வேடிக்கைச் செய்தியாகிவிட்டது. நன்றாக ஆடுகிறார் என்பதற்காக ஒரு கட்சி எல்லாவற்றையும் மன்னித்தது. சரியாக நடக்கவில்லை என்பதற்காக மற்றக் கட்சி விரட்டச் சொன்னது. 'இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று, யார் உதவுவது?' என்ற கேள்வி எந்தக் கட்சியிலும் உரக்கக் கேட்கவில்லை.

மன்னிப்பதும் விரட்டுவதும் மட்டுமே வழிகள் அல்ல. இடையில் கண்டித்துத் திருத்துவது என்று ஒன்று உண்டு. அதைக் குழு தோற்ற பிறகு தொடங்கினால் பயனில்லை. வென்றுகொண்டிருக்கும்போதே தொடங்க வேண்டும். வெற்றி நாளில் கண்டிக்கத் துணியாத ரசிகருக்குத் தோல்வி நாளில் திட்டும் உரிமை பாதிதான்.

ஆபர்ன் ஹில்ஸ் அரங்கம் 2020இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2021இல் கார்லைல் மறுபடியும் பேசர்ஸ் பயிற்றுநராக வந்தார். 2025இல் அவருடைய குழு, நான்காம் இடத்திலிருந்து புறப்பட்டு, 25 ஆண்டுகளுக்குப் பிறகு என்பிஏ இறுதிச் சுற்றை எட்டியது. ஏழாவது ஆட்டத்தில் தோற்றது உண்மை. அந்த ஆட்டத்தில் அதன் நட்சத்திரம் டைரீஸ் ஹாலிபர்டன் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். ரசிகர்கள் அழுதார்கள், ஆனால் யாரையும் பழிக்கவில்லை.

தோல்வியில் இரண்டு வகை உண்டு. ஆடித் தோற்பது ஒன்று, ஆடாமலே தோற்பது மற்றொன்று. முதலாவது சில மாதங்களில் ஆறிவிடும். இரண்டாவதைப் பற்றி இந்தியானாவில் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.