தொழிலாளர் கட்டிய ஆஸ்பத்திரி
(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)

"சுத்தமாக இருங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள்" என்று நமக்கு உபதேசிக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் குழாய் இல்லாத சேரியில் சுத்தம் ஏது? கூலி போதாத வீட்டில் சத்து ஏது?

சத்தீஸ்கர் பகுதியில் தல்லி ராஜ்ஹரா இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களைப் பாருங்கள். பிலாய் உருக்காலைக்குத் தாது வெட்டிய ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். 1977-ல் நியோகி தலைமையில் சங்கம் கண்டார்கள். அவ்வாண்டு ஜூனில் போலீஸ் துப்பாக்கி 11 உயிர்களைக் குடித்தது. பிறகு, சங்கத்தின் பெண் தலைவர் ஒருவர் தக்க சிகிச்சையின்றிப் பிரசவத்தில் மாண்டார். தொழிலாளர்கள் சோர்ந்துவிடவில்லை. சொந்தக் காசும் சொந்த உழைப்பும் போட்டு, 1983 ஜூன் 3-ல் ஷஹீத் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். 'ஷஹீத்' என்றால் தியாகி.

டாக்டர்கள் எஜமானர்களாக வரவில்லை, தோழர்களாக வந்தார்கள். தொழிலாளிகளே பயிற்சி பெற்று சுகாதார ஊழியர்களானார்கள். வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த நீர் உயிர் காக்கும் என்று மக்களுக்குக் கற்பித்தார்கள். வீண் ஊசி, வீண் டானிக்கை எதிர்த்தார்கள். சங்கமே சாராய எதிர்ப்பு இயக்கம் நடத்தியது.

டாக்டரின் படிப்பும் தொழிலாளியின் சங்கமும் கைகோத்தால்தான் ஆரோக்கியம்.

பஞ்சாலைத் தோழர்களே! லீவு முடிந்து வேலையில் இறங்கியதும் நெஞ்சடைக்கிறதே, அது விதியல்ல, பஞ்சுத் தூசி. தூசியை அகற்றச் சொல்லிச் சங்கமாகக் கேளுங்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களே! 1948-ன் இ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு வைத்தியம் தந்தது. வயலில் உழைப்பவரை விட்டுவிட்டது. அந்த உரிமையை ஆலையும் வயலும் சேர்ந்து கேட்போம்!