குழி எங்கே தோண்டுவார்கள்? மறைநூலும் வாசிப்பும் மையவாடியும்



ஆண்டுதோறும் நடக்கும் இந்த நினைவுச் சொற்பொழிவில் இதுவரை நாம் பௌத்தத்தைப் பேசியிருக்கிறோம், பஞ்சமி நிலத்தைப் பேசியிருக்கிறோம், தலித் கிறிஸ்தவர் சிக்கலையும் பேசியிருக்கிறோம். இஸ்லாமிய மறைவிளக்கத்தைப் பற்றிப் பேசுவது இதுவே முதல் முறை. அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, 'இது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கு எதற்கு?' என்று சில தோழர்கள் கேட்டார்கள். யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஐயா கேட்ட ஒரு கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

1981 பிப்ரவரியில், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில், சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. டெல்லி வரை அதிர்ந்தது. தலைவர்கள் வரிசையாக அந்த ஊருக்கு வந்தார்கள். அதுவரை அந்த மக்கள் தேநீர்க்கடையில் எந்தக் குவளையில் குடித்தார்கள் என்று பார்க்க அவர்களில் ஒருவரும் வந்ததில்லை. அந்த மாதங்களில் ஐயாவின் சேரியிலும் இதே பேச்சுத்தான். இளைஞர்கள் நாமும் போவோம் என்றார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஐயா கடைசியில் சொன்னாராம்: "கலிமா சொல்லிரலாம்பா. அவங்களோட ஒரே வரிசையில நின்னு தொழலாம், ஒரே சஹன்ல கைவச்சுச் சாப்பிடலாம். எல்லாம் சரி. செத்தா குழி எங்க தோண்டுவாங்க? அதக் கேட்டுட்டு வாங்க."

அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு மூன்று முறை கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனவர். தன் தாயின் பாடையை இடுப்பளவு சேற்றில் வரப்பு மிதித்துத் தூக்கிப் போனவர். மனிதர்கள் சமம் என்று ஒரு மதம் சொல்வதைச் சோதிக்க அவருக்குத் தெரிந்த இடம் அதுதான்.

முதலில் மறைநூலைப் பார்ப்போம். குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனம் மனிதகுலம் முழுவதையும் விளித்துப் பேசுகிறது. ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து அனைவரும் வந்தவர்கள். இனங்களும் குலங்களும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகவே. இறையச்சம் மிக்கவரே இறைவனிடம் மேலானவர். இதுதான் அதன் சாரம். நபிகள் தம் சொந்த அத்தை மகளான ஸைனபை, விடுதலை செய்யப்பட்ட அடிமையான ஸைதுக்கு மணம் செய்து கொடுத்தார். தொழுகைக்கு அழைக்கும் பெருமையை அபிசீனிய அடிமையாய் இருந்த பிலாலுக்குக் கொடுத்தார். 1947இல் பெரியார் இன இழிவு நீங்க இஸ்லாமே நன்மருந்து என்று பேசியபோது கண்முன் வைத்திருந்தது இந்த இஸ்லாத்தைத்தான். அதை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. தொட்டால் தீட்டு என்று ஆயிரம் ஆண்டு ஒதுக்கப்பட்டவனுக்கு, தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் மறைநூல் இறங்கிய காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையில் சட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டத்தில் 'கஃபாஅத்' என்றொரு கோட்பாடு உண்டு. மணமகன் மணமகளுக்கு ஈடானவனாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எதில் ஈடு? மார்க்கப் பற்றில் ஈடாக இருந்தால் போதும் என்றார் இமாம் மாலிக். இந்தியாவில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி மரபின் சட்ட அறிஞர்களோ வம்சத்தையும் தொழிலையும் சேர்த்துக்கொண்டார்கள். நெசவாளியும் தோல் பதனிடுபவரும் இந்தக் கணக்கில் கீழே வைக்கப்பட்டார்கள். குடும்பத்தில் சச்சரவு வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்வோர் இன்றும் உண்டு. நம் ஊரில் அகமணத்துக்குச் சொல்லப்படும் அதே சமாதானம்தான். கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்திருக்கிறது.

வசனம் ஒன்று சொல்கிறது, சட்டநூல் வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பவர் வாசிப்பவர். அவர் யார், எங்கே நின்று வாசிக்கிறார் என்ற கேள்வியைத்தான் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளின் இஸ்லாமிய அறிஞர்கள் பலர் துணிந்து கேட்டிருக்கிறார்கள். பாகிஸ்தானை விட்டு வெளியேறி சிகாகோவில் பாடம் நடத்திய ஃபஸ்லுர் ரஹ்மான் ஒரு வழி சொன்னார்: வசனம் இறங்கிய சூழலுக்குப் போய் அதன் நீதிநோக்கத்தை அறிந்துகொள், பிறகு அந்த நோக்கத்தோடு உன் காலத்துக்குத் திரும்பி வா. எகிப்தின் நஸ்ர் ஹாமித் அபூ ஸைத், மனித மொழியில் வந்த பனுவல் மனித வரலாற்றுக்குள்தான் பொருள்படும் என்றார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. 1995இல் கெய்ரோவில் ஒரு நீதிமன்றம் அவரை மதம் துறந்தவர் என்று தீர்மானித்து, அவர் மனைவி இப்திஹால் யூனிஸோடு அவருக்கிருந்த திருமணத்தையே ரத்து செய்தது. மனைவி கேட்காத பிரிவு அது. இருவரும் சேர்ந்தே நாட்டை விட்டு வெளியேறி நெதர்லாந்து போனார்கள். 'இஸ்லாத்துக்குள் விமர்சனமே கிடையாது' என்று வாட்ஸ்அப்பில் எழுதும் நம் நண்பர்கள் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

நமக்கு மிக நெருக்கமானவர் தென்னாப்பிரிக்காவின் ஃபரீத் இஸாக். 1959இல் கேப்டவுனில் பிறந்தவர். பிறந்த சில வாரங்களில் தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் குறைந்த கூலிக்கு உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். இன்ன நிறத்தவர் இன்ன பகுதியில்தான் குடியிருக்கலாம் என்ற 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் அந்தக் குடும்பத்தைப் பெயர்த்து போன்டஹூவல் என்ற புறநகரில் கொண்டுபோய்ப் போட்டது. ஊர், சேரி என்ற பிரிவினையைச் சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்தது போல. அங்கே பசித்த நாட்களில் அவர்களுக்குக் கைகொடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர்கள். பிறகு பாகிஸ்தானுக்குப் போய் மார்க்கக் கல்வி பயின்றார். அங்கே கிறிஸ்தவச் சிறுபான்மையினர் படும் பாட்டைக் கண்டார். பஞ்சாபின் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் துப்புரவுச் சாதியிலிருந்து மதம் மாறியவர்களின் பிள்ளைகள் என்பதை நாம் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

1980களில் நிறவெறி அரசுக்கு எதிரான போராட்டம் கொதித்தது. கிறிஸ்தவர்களோடும் கம்யூனிஸ்டுகளோடும் முஸ்லிம்கள் கைகோக்கலாமா என்று கேப்டவுன் பள்ளிவாசல்களில் விவாதம் நடந்தது. கூடாது என்றவர்கள் ஐந்தாம் அத்தியாயத்து 51ஆம் வசனத்தை எடுத்துக்காட்டினார்கள். யூதரையும் கிறிஸ்தவரையும் காப்பாளராக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்று சொல்லும் வசனம் அது. அந்த வசனம் எந்தப் போர்ச்சூழலில் வந்தது என்று இஸாக் கேட்டார். பிறகு குர்ஆனில் வரும் 'முஸ்தழ்அஃபூன்' என்ற சொல்லைக் கையில் எடுத்தார். பலவீனப்படுத்தப்பட்டவர்கள் என்று பொருள். பலவீனர் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். யாரோ அவர்களை அப்படி ஆக்கியிருக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தாழ்ந்தவர் என்பதற்கும் தாழ்த்தப்பட்டவர் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இதற்கு மேல் உரை தேவையில்லை. மூசாவோடு எகிப்தை விட்டு வெளியேறிய மக்கள் அனைவரும் இறையச்சத்தில் சிறந்தவர்களாக இருக்கவில்லை. இருந்தும் இறைவன் ஃபிர்அவ்னுக்கு எதிராக அவர்கள் பக்கம் நின்றான் என்று வாசித்தார் இஸாக். ஒடுக்கப்பட்டவரின் பக்கம் நின்று படித்தால்தான் இந்த நூல் திறக்கும் என்பது 1997இல் வெளியான அவரது நூலின் அடிப்படை.

அதே கேப்டவுனில், 1994 ஆகஸ்டில், கிளேர்மாண்ட் பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு முன் ஒரு பெண் எழுந்து பேசினார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணான ஆமினா வதூத். மாடியில் உட்காரும் பெண்கள் அன்று கீழ்த்தளத்துக்கு வந்து அமர்ந்தார்கள். ஏற்கெனவே 1992இல் குர்ஆனும் பெண்ணும் பற்றி அவர் எழுதிய நூல், விளக்கவுரைகளெல்லாம் ஆண்களால் எழுதப்பட்டதால் பெண்ணின் அனுபவம் அவற்றில் இல்லை என்று காட்டியிருந்தது. மனைவியைக் கண்டிப்பது பற்றிய நான்காம் அத்தியாயத்து 34ஆம் வசனத்தை அவர் பல ஆண்டுகள் பலவிதமாகப் பொருள்கொண்டு பார்த்தார். கடைசியில், 2006இல், நேரடிப் பொருளில் அதை நடைமுறைப்படுத்துவதை மறுக்கிறேன் என்று எழுதினார். நம்பிக்கையை விடாமலே 'இல்லை' என்று சொல்வது. மனுநூலை எரிப்பது நமக்குச் சுலபம், அது நம் நூல் இல்லை. தான் தினமும் ஓதும் நூலின் முன் நின்று அப்படிச் சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். நம் புதுக்கோட்டையிலும், ஜமாஅத் விசாரணையில் பெண்ணுக்கு இடமில்லை என்பதால் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே ஜமாஅத்தைத் தொடங்கினார். அவரை எத்தனை பேர் வைதார்கள் என்பதும் நாமறிந்ததே.

இப்போது ஐயாவின் கேள்விக்குத் திரும்புவோம்.

பாபாசாகேப் பாகிஸ்தான் பற்றி எழுதிய நூலில் 1901ஆம் ஆண்டு வங்காள மக்கள்தொகைக் கணக்கறிக்கையை எடுத்துக் காட்டுகிறார். அஷ்ராஃப், அஜ்லாஃப், இவர்களுக்கும் கீழே அர்ஸால். அர்ஸால்களோடு மற்ற முஸ்லிம்கள் கலப்பதில்லை, அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழையவும் பொது மையவாடியில் புதைக்கவும் தடை என்று அந்த அறிக்கை சொன்னது. நூறாண்டு கழித்து நிலைமை என்ன? 2014-15இல் உத்தரப் பிரதேசத்தின் 14 மாவட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி இதழில் வெளியானது. மேல்சாதி முஸ்லிம்களின் மையவாடியில் தங்கள் பிணங்களைப் புதைக்க விடுவதில்லை என்று தலித் முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சொன்னார்கள்.

ஐயா இந்த ஆய்வைப் படித்ததில்லை. அது வருவதற்கு முன்பே போய்விட்டார்.

இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் முஸ்லிம்களே. பீகாரின் அலி அன்வர் 2001இல் எழுதிய 'மஸாவாத் கீ ஜங்' நூல் பஸ்மாந்தா என்ற சொல்லை, அதாவது பின்னால் விடப்பட்டவர்கள் என்ற சொல்லை, அரசியல் சொல்லாக்கியது. 2007இல் மசூத் ஆலம் ஃபலாஹி, தானே மதரஸாவில் பயின்றவர், கஃபாஅத் பற்றிய இந்திய உலமாக்களின் ஃபத்வாக்களை எடுத்து வைத்து, இது மார்க்கமா சாதியா என்று கேட்டார். மறைநூலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார் என்பதுதான் இதில் முக்கியம்.

அரசு என்ன செய்தது என்பதையும் பாருங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. முஸ்லிம், கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், இந்துவாக இருந்த மற்ற தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கிடைத்த பெட்டிக்கடை தனக்கு மறுக்கப்பட்டதால் உச்ச நீதிமன்றம் வரை போனார். சாதி தொடர்கிறது என்றால் மட்டும் போதாது, புதிய மதத்திலும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று 1985இல் தீர்ப்பு வந்தது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு அந்த அறிக்கையை ஏற்க மறுத்து, இஸ்லாமிய, கிறிஸ்தவச் சமூகங்களில் தீண்டாமை இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அதே ஆண்டு, இதை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையமும் அமைத்தது.

ஆக, சமத்துவம் பேசும் அந்த 49:13 இன்று மூன்று பேர் கையில் இருக்கிறது. பஸ்மாந்தா இளைஞன் அதை வைத்துத் தன் ஜமாஅத்தைக் கேள்வி கேட்கிறான். மேட்டுக்குடி முஸ்லிம் தலைவர் அதே வசனத்தைச் சொல்லி, எங்களிடம் சாதி இல்லை, பேசாதே என்கிறார். அதே வாதத்தை அரசு எடுத்துக்கொண்டு, உங்களிடம்தான் சாதி இல்லையே, சலுகை எதற்கு என்கிறது. தனக்கு வேண்டாத சமூகத்தின் வேதத்தை ஓர் அரசு இவ்வளவு பக்தியோடு நம்புவதை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 2022க்குப் பிறகு பஸ்மாந்தா என்ற சொல்லை ஆளுங்கட்சி மேடைகளிலும் கேட்கிறோம். மாட்டின் பெயரால் அடித்துக் கொல்லப்படும் கால்நடை வியாபாரியும், இறைச்சிக் கடையை மூட வைக்கப்படும் குரேஷியும் அந்தப் பஸ்மாந்தாக்களே என்பது அங்கே பேசப்படுவதில்லை. நாம் இன்று சொன்ன ஒவ்வொரு தகவலையும் முஸ்லிம்களை அடிக்கும் கல்லாக எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அதற்காக வாயை மூடிக்கொள்ளவும் முடியாது. மூடினால் அர்ஸாலுக்கு மறுக்கப்படும் குழி மறுக்கப்பட்டதாகவே இருக்கும். அந்தக் குழியைக் கேட்டுப் போராடும் முஸ்லிமின் பக்கத்தில் நின்று, அவர் அழைத்தபோது, அவர் சொல்லும் இடத்தில் பேச வேண்டும். இஸாக்குக்குப் பக்கத்து வீட்டார் உதவியது போல.

மாணவர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறோம். தமிழ்நாட்டைப் பற்றி உத்தரப் பிரதேசம் போல ஓர் ஆய்வு நம் கையில் இல்லை. பள்ளிவாசல் வரிசையில் இங்கே பாகுபாடு இல்லை என்று கேட்டிருக்கிறோம், பெருமைப்பட்டும் இருக்கிறோம். முடிதிருத்தும் தொழில் செய்யும் முஸ்லிம் குடும்பங்களோடும் புதிதாக இஸ்லாத்துக்கு வந்த குடும்பங்களோடும் மற்றவர்கள் பெண் கொடுத்து, எடுக்கிறார்களா? ஜமாஅத் நிர்வாகத்தில் அவர்கள் பெயர் உண்டா? விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து முஸ்லிம் தோழரோடு சேர்ந்து போய்க் கேட்டு எழுதி வாருங்கள். நல்ல பதில் வந்தாலும் அப்படியே எழுதுங்கள். மையவாடியில் குழி எங்கே தோண்டினார்கள் என்பதை முதல் கேள்வியாகப் போடுங்கள்.